முதல் நிலவியல் வரைபடம்: காரை களிமண் காட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பெரம்பலூர் மாவட்டத்தில் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவில் ஒரு பொட்டல் கிடக்கிறது. ஓடைகள் அரித்து அரித்து, மரம் நிற்க இடமில்லாமல், மேடும் பள்ளமுமாகக் களிமண்ணே தெரியும் நிலம். நிலவியல் படிக்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு பலமுறை அங்கே போயிருக்கிறேன். வேனிலிருந்து இறங்கிய கால் மணி நேரத்தில் எப்போதும் ஒரே காட்சிதான். காம்பஸை எடுத்து, முதலில் கண்ணில் பட்ட கல்லின் சாய்வை அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். சாயங்காலம் குறிப்பேட்டில் ஐம்பது அளவுகள் இருக்கும். வரைபடத்தில் ஒரு கோடு இருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் வேலையின் வரிசை பற்றியது. சுமார் 5 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர் பரப்பு, இரண்டு பேர், ஐந்து நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் வரைவதென்றாலும் இதே வரிசை பொருந்தும். பாறையின் பெயர்கள்தான் மாறும்.

1. கிளம்புவதற்கு முன்: தாள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போஷீட்தான், அதாவது மேடு பள்ளங்களைக் காட்டும் நிலப்படம்தான், அடித்தளம். துறையின் இணைய வாசலில் பதிவு செய்தால் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். காரைப் பகுதி பழைய எண்ணிக்கையில் 58 ஐ/16. அதை இரண்டு மடங்கு பெரிதாக்கி 1:25,000 ஆக அச்செடுங்கள். அப்போது 1 சென்டிமீட்டர் என்பது 250 மீட்டர். பெரிதாக்குவதால் புதுத் தகவல் எதுவும் வந்துவிடாது, எழுத இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் அதே 20 மீட்டர் இடைவெளியில்தான் இருக்கும்.

இந்த அளவையில் அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு தரையில் 12.5 மீட்டரை மூடிவிடும். எட்டு மீட்டர் அகலமுள்ள ஒரு அடுக்கைத் தனி நிறத்தில் காட்ட முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பிறகு களத்தில் நின்று சண்டை போட வேண்டியிருக்காது.

பழைய ஷீட்டை ஸ்கேன் செய்து பயன்படுத்துகிறவர்கள் ஒரு குழியில் விழுவார்கள். அவை பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்து வரைந்தவை. உங்கள் ஃபோனும் ஜிபிஎஸ்ஸும் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற புதிய கணக்கு. இரண்டையும் அப்படியே சேர்த்தால் உங்கள் புள்ளிகள் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். ஓடைக்குள் நின்று குறித்தது வரைபடத்தில் மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். புதிய ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மாற்றிக் கணக்கிடுங்கள். யூடிஎம் கட்டம் (இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) என்றால் இந்தப் பகுதிக்கு 44-வது மண்டலம்.

அடுத்தது செயற்கைக்கோள் படம். இஸ்ரோவின் புவன் தளத்திலோ கூகுள் எர்த்திலோ இடத்தைத் திறந்து, டிரேசிங் தாளில் நிறம் மாறும் இடங்களை மட்டும் கோடாக எடுங்கள். பாறையின் பெயர் எழுத வேண்டாம். வெளிறிய பொட்டல், கரிசல் வயல், சிவந்த மேடு, இவ்வளவு போதும்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் ஏற்கெனவே வரைந்த நிலவியல் வரைபடமும் இருக்கிறது. பாறைத் தொகுதிகளின் பெயரைத் தெரிந்துகொள்ள அதைப் பாருங்கள். ஆனால் களத்துக்கு எடுத்துவராதீர்கள். இதில் என்னோடு உடன்படாத ஆசிரியர்கள் உண்டு. ஆனாலும் கையில் அந்தப் படம் இருக்கும்போது மாணவர் கண்ணுக்கு அதிலுள்ள எல்லை மட்டும்தான் தெரிகிறது. கால் அடியில் இருப்பது தெரிவதில்லை.

போகும் காலம் ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் களிமண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். ஏப்ரலுக்குப் பிறகு நிழலே இல்லாத அந்தப் பொட்டலில் பத்து மணிக்கு மேல் நிற்பது ஆபத்து. வயல் என்றால் உரிமையாளரிடமும், சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்றால் நிர்வாகத்திடமும் முன்பே அனுமதி வாங்குங்கள். சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்காமல் உள்ளே போகவே கூடாது.

2. பையில் என்ன

சுத்தியல், புருன்டன் காம்பஸ் (திசையும் சாய்வும் அளப்பது), 10 மடங்கு லென்ஸ், ஜிபிஎஸ், கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு, பாகைமானி, கலர் பென்சில்கள், துணிப்பை, மார்க்கர். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுக் குப்பியில். ஆளுக்கு மூன்று லிட்டராவது தண்ணீர்.

இதோடு ஒரு களைக்கொட்டு. எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஆனால் காரையில் சுத்தியலைவிட அதிகம் உழைப்பது அதுதான். களிமண்ணின் மேல்தோல் வெயிலில் வெடித்துப் பொரிபோல உதிர்ந்து கிடக்கும். ஒரு அடியாவது தோண்டினால்தான் உண்மையான நிறமும் அடுக்கும் தெரியும்.

பேனா வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் களத்தில் பென்சில்தான். வியர்வையில் மை கரைந்து ஒரு முழு நாளின் குறிப்பைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

3. முதல் நாள்: அளக்காமல் நடங்கள்

இந்தப் பகுதியின் அமைப்பு எளிமையானது. மேற்கே நைஸ், சார்னோக்கைட் என்ற கெட்டியான பாறைகளாலான பழைய தளம். அதன்மேல் கிரெட்டேசியஸ் காலத்து (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) கடல் படிவங்கள் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழையதிலிருந்து புதியதை நோக்கி நடக்கிறீர்கள். முதலில் ஊட்டத்தூர் தொகுதி, காரை களிமண் அதில் சேர்ந்தது. அப்புறம் திருச்சிராப்பள்ளித் தொகுதி, கருடமங்கலம் பக்கத்து மணற்கல்லும் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல்லும் இதில் வரும். இன்னும் கிழக்கே போனால் சில்லக்குடி, கல்லங்குறிச்சி என்று அரியலூர்த் தொகுதி.

முதல் நாள் முழுவதும் இந்த அடுக்குகளைக் குறுக்காக வெட்டி ஒரு நடை நடந்துவிடுங்கள். கையில் காம்பஸ் வேண்டாம். இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று, என்ன பாறை, என்ன நிறம், அமிலத்துக்குப் பொங்குகிறதா, என்ன புதைபடிவம் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

குறுக்கே நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடுக்குகளின் நீளவாக்கில் நடந்தால் நாள் முழுக்க ஒரே பாறையின்மேல் நடப்பீர்கள். ஒருமுறை ஒரு குழு கொளக்காநத்தம் சாலையோரமாகவே ஆறு மணி நேரம் நடந்துவிட்டு, “சார், இங்கே ஒரே ஒரு பாறைதான் இருக்கிறது” என்று வந்து நின்றது. அவர்கள் நடந்த வரைக்கும் அது உண்மைதான்.

4. அலகுகளைத் தீர்மானியுங்கள்

முதல் நாள் இரவே உட்கார்ந்து, எத்தனை நிறம் தீட்டப்போகிறோம் என்று முடிவெடுங்கள். வரைபடத்தில் ஒரு நிறம் என்றால் ஒரு அலகு. அதை வேறொருவர் களத்தில் நின்று உங்கள் உதவியில்லாமல் அடையாளம் காண முடிய வேண்டும்.

ஆகவே பாறையை வைத்துப் பிரியுங்கள், காலத்தை வைத்து வேண்டாம். “டுரோனியன் அடுக்கு” (கிரெட்டேசியஸின் ஒரு பகுதி) என்று எழுதினால் அந்தக் காலம் கல்லின்மேல் எழுதியிருக்கவில்லை. “ஜிப்சம் நரம்புகள் ஓடும் சாம்பல், மஞ்சள் களிமண், பெலம்னைட் உண்டு” என்றால் யாரும் கண்டுபிடிக்கலாம். பெலம்னைட் என்பது கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம், பழுப்பு நிறத்தில் துப்பாக்கித் தோட்டா போல இருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது.

புதியவர்கள் ஒன்று இருபது அலகு பிரிப்பார்கள், இல்லையென்றால் இரண்டு. இந்தப் பரப்புக்கு ஐந்தாறு போதும். களிமண்ணுக்குள் தனியாகத் தெரியும் இரும்புக்கல் பட்டையோ பாஸ்பேட் உருண்டைகள் நிறைந்த பட்டையோ கிடைத்தால், அதை அலகாக்காமல் வழிகாட்டி அடுக்காக ஒற்றைக் கோட்டில் குறியுங்கள். பிறகு சாய்வு கணக்கிட அது பொன் மாதிரி.

5. நிலையங்கள்: இது நிஜமாகவே பாறையா?

இரண்டாம் நாளிலிருந்து முறையாக நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், ஆயத்தொலை, பாறை, அளவு, ஒரு சின்னப் படம். எண்ணை அந்த இடத்திலேயே வரைபடத்திலும் எழுதுங்கள். “ராத்திரி ஜிபிஎஸ்ஸிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்” என்கிறவர்களுக்குத் தாங்கள் நின்ற இடத்துக்கும் சுற்றியுள்ள நிலத்துக்கும் உள்ள உறவு கடைசிவரை பிடிபடுவதில்லை.

எழுதும் முன் ஒரு கேள்வி: இந்தக் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, வந்து சேர்ந்ததா? களிமண் நடுவே “சார்னோக்கைட் வெளிப்பாடு” என்று ஒரு மாணவி மூன்று இடத்தில் குறித்திருந்தார். போய்ப் பார்த்தால் சாலை போட்டபோது மிஞ்சிய ஜல்லி. வரப்பில் அடுக்கிய கல், கோயில் கட்ட இறக்கிய கல், ஓடை உருட்டி வந்த கல், எல்லாம் இதே வகை. தொட்டு ஆட்டிப் பாருங்கள், சுற்றி அதே பாறை தொடர்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். ஓடைப் படுகையில் கிடக்கும் பெலம்னைட்டுக்கும் இது பொருந்தும். அது மேலே எங்கிருந்தோ கழுவி வந்திருக்கலாம்.

இன்னொரு பெரிய ஏமாற்று சுக்கான்கல். மண்ணுக்குள் சுண்ணாம்பு இறுகி உருவாகும் அந்த வெள்ளை முண்டுகள் அமிலம் பட்டதும் பொங்கும். உடனே “சுண்ணாம்புக்கல்” என்று எழுதிவிடுவார்கள். சுக்கான் நேற்றைய மண்ணின் வேலை, எந்தப் பாறையின்மேலும் வரும். சிப்பி தெரிகிறதா, அடுக்கு தொடர்கிறதா, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தபிறகே பெயர் வையுங்கள்.

மாதிரி எடுக்கும்போது கைப்பிடி அளவு போதும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட தேசிய நிலவியல் சின்னம். போய்ப் பாருங்கள், சுத்தியலை வேனிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

6. சாய்வு அளத்தல்

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஒரு பலகையைச் சாய்த்து வாளித் தண்ணீரில் பாதி முக்குங்கள். தண்ணீர் பலகையைத் தொடும் கோடு ஸ்ட்ரைக். பலகையின்மேல் ஒரு சொட்டு விட்டால் அது ஓடும் திசை சாய்வுத் திசை, எவ்வளவு சரிவு என்பது சாய்வுக் கோணம். ஸ்ட்ரைக்கும் சாய்வுத் திசையும் எப்போதும் செங்கோணத்தில் இருக்கும். எழுதும்போது சாய்வுத் திசைக்கு மூன்று இலக்கம், கோணத்துக்கு இரண்டு: 110/05. இப்படி எழுதினால் எது திசை, எது கோணம் என்ற குழப்பம் வராது.

காம்பஸ் ஊசியைச் சுத்தியல், ஃபோன், பெல்ட்டின் பக்கிள் எல்லாம் இழுக்கும். இரண்டு அடி தள்ளி வையுங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் தமிழ்நாட்டில் சுமார் 2 பாகைதான், அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

காரையில் எதை அளப்பது என்பதுதான் சிக்கல். வெயிலில் பளபளவென்று மின்னும் ஜிப்சம் நரம்பைத்தான் எல்லோரும் அளப்பார்கள். அதுதான் நேர்த்தியான தளமாகத் தெரியும். ஆனால் ஜிப்சம் பிறகு வெடிப்புகளுக்குள் படிந்தது. பல நரம்புகள் அடுக்கைக் குறுக்கே வெட்டி ஓடும். உங்கள் அளவுகளில் 40, 60 பாகை வருகிறதென்றால் அநேகமாக நரம்பை அளந்திருக்கிறீர்கள். நிறம் மாறும் பட்டை, மணல் கலந்த மெல்லிய அடுக்கு, கிடைவாக்கில் வரிசையாகக் கிடக்கும் உருண்டைகள், இவைதான் படிந்த தளம். பள்ளத்தின் சுவரில் சரிந்து இறங்கிய கட்டிகளையும் ஒதுக்குங்கள். பள்ளத்தின் அடிப்பகுதியில் அளந்தால் நம்பலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. உண்மையான சாய்வு சில பாகைகள்தான். கரடான தளத்தில் காம்பஸை வைத்தால் பிழையே மூன்று பாகை வந்துவிடும். இதற்கு மூன்று புள்ளி முறை.

ஒரே வழிகாட்டி அடுக்கை மூன்று இடங்களில் கண்டுபிடியுங்கள். உதாரணத்துக்கு அ 120 மீட்டர் உயரத்தில், ஆ 80 மீட்டரில், இ 100 மீட்டரில் இருக்கிறது, அ-வுக்கும் ஆ-வுக்கும் தூரம் 900 மீட்டர் என்று வையுங்கள். அ–ஆ கோட்டின் நடுப்புள்ளியில் அடுக்கின் உயரம் 100 மீட்டர். இ-யும் 100. இரண்டையும் இணைத்தால் அதுதான் ஸ்ட்ரைக். அ-விலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் 230 மீட்டர் வருகிறதென்றால், 230 மீட்டரில் 20 மீட்டர் இறக்கம். டேன் மதிப்பு 0.087, சாய்வு 5 பாகை.

உயரத்தை ஃபோன் ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்காதீர்கள். அதில் 10 மீட்டர் பிழை சாதாரணம், மேலே உள்ள கணக்கில் 10 மீட்டர் மாறினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். சமவுயரக் கோடு, ஷீட்டில் குறித்த உயரப் புள்ளி, இவற்றிலிருந்து எடுங்கள். புள்ளிகளை முடிந்தவரை தூரத் தூரமாக வையுங்கள், பிழை அடங்கும்.

7. எல்லைக் கோடு

இப்போதுதான் வரைபடம் பிறக்கிறது. இரண்டு அலகுகள் சந்திக்கும் இடத்தைக் குறுக்கு நடையில் கண்டுபிடித்தீர்கள். இனி அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டு அதன் நீளவாக்கில் நடங்கள். கைக்கு எட்டும் இடத்தில் பார்த்ததைத் தொடர் கோடாகவும், கிட்டத்தட்ட இங்கே என்று தெரிந்ததை விட்டுவிட்டுச் செல்லும் கோடாகவும், மண்ணுக்கடியில் ஊகித்ததைப் புள்ளிக் கோடாகவும் வரையுங்கள். முழுக்கத் தொடர் கோடாக ஒரு படம் வந்தால் நான் திருத்துவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அரியலூர்ப் பக்கத்தில் பாதிக்கு மேல் வயல். எல்லா எல்லையையும் யாரும் பார்த்திருக்க முடியாது.

ஓடையைக் கடக்கும்போது எல்லை நேராகப் போகாது. கிடையான அடுக்கு என்றால் எல்லை சமவுயரக் கோட்டோடு சேர்ந்தே வளையும். செங்குத்து என்றால் எதற்கும் வளையாது. ஓடை ஓடும் பக்கமே அடுக்கும் சாய்ந்து, அதன் சாய்வு ஓடையின் சரிவைவிட அதிகமென்றால், எல்லை ஓடையின் கீழ்ப்பக்கம் கூராக நீளும். இங்கே கிழக்கே ஓடும் ஓடைகளில் நடப்பது இதுதான். 5 பாகை சாய்வில், 5 மீட்டர் ஆழ ஓடை எல்லையைச் சுமார் 57 மீட்டர் கிழக்கே தள்ளும். உங்கள் தாளில் 2 மில்லிமீட்டருக்கும் மேல். அளவுகோல் வைத்து நேர்க்கோடு இழுத்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

எது முந்தியது, எது பிந்தியது என்பதற்கு இரண்டு விதி போதும். மேலே படிந்திருப்பது புதியது, வெட்டிக்கொண்டு போவது வெட்டுப்பட்டதைவிடப் புதியது. நிலாவில் கால் வைக்காத இடங்களையும் இதே விதிகளை வைத்துத்தான் வரைகிறார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 1:50,00,000 நிலா வரைபடத்தில் எந்தப் பள்ளத்தின் சிதறல் எதன்மேல் விழுந்திருக்கிறது என்பதே முக்கியச் சான்று. அவர்களிடம் களைக்கொட்டு கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

8. பாறை தெரியாத இடத்தில்

வயல் வந்ததும் மாணவர்கள் கையைத் தூக்கிவிடுவார்கள். பாறை மட்டும்தான் நிலம் என்று நினைப்பதால் வரும் வினை. மண், தண்ணீர், செடி மூன்றும் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். களிமண்ணுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் மேல் கரிசல் படிவது வழக்கம், நைஸின்மேல் பெரும்பாலும் செம்மண். மணற்கல்லில் தண்ணீர் இறங்கும், களிமண்ணில் இறங்காது. ஆகவே ஒரு மேட்டின் ஓரமாக ஊற்றோ ஈரமோ வரிசையாகத் தெரிந்தால் அங்கே எல்லை இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சான்று கிணறு. வெட்டிய மண் கரையிலேயே குவிந்து கிடக்கும், பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துப் பாறை அதில் இருக்கும். விவசாயியிடம் “எத்தனை அடியில கல் வந்துச்சு, என்ன நெறம்?” என்று கேளுங்கள். அவர் சொல்வது துல்லியமாக இருக்கும், அந்தக் கிணற்றுக்குப் பணம் கொடுத்தவர் அவர். எட்டிப் பார்க்கும்போது சுவரோரம் நிற்காதீர்கள்.

இந்தச் சான்றுகளில் வந்த எல்லை எல்லாம் விட்டுவிட்டு வரும் கோடோ புள்ளிக் கோடோதான், தொடர் கோடு ஆகாது.

9. குறுக்குவெட்டு

நான்காம் நாள் இரவு, ஊகக் கோடுகளுக்கு மையிடுவதற்கு முன், சாய்வுத் திசையில் ஒரு குறுக்குவெட்டு வரைந்து பாருங்கள். வரைபடத்தின் பொய்கள் எல்லாம் இங்கே வெளியே வரும். ஒரு அலகு ஒரு பக்கம் 90 மீட்டர் தடிமனாகவும் ஒரு கிலோமீட்டர் தள்ளி 200 மீட்டராகவும் வந்தால், நீங்கள் காணாத ஒரு பிளவு (பாறை உடைந்து நகர்ந்த இடம்) இருக்கலாம். இல்லை, சாய்வைத் தப்பாக அளந்திருக்கலாம். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

சமதரையில் தடிமன் என்பது அலகின் அகலத்தைச் சாய்வின் சைன் மதிப்பால் பெருக்கினால் வருவது. 1000 மீட்டர் அகலம், 5 பாகை சாய்வு என்றால் 87 மீட்டர். அதே இடத்தில் 8 பாகை என்று அளந்திருந்தால் 139 மீட்டர். மூன்று பாகைப் பிழை என்ன செய்யும் என்று இப்போது தெரியும்.

87 மீட்டர் அலகு 1:25,000-இல் மூன்றரை மில்லிமீட்டர்தான், எனவே உயரத்தை ஐந்து மடங்கு பெருக்கி வரைய வேண்டியிருக்கும். அப்போது 5 பாகையைப் பாகைமானியில் 25 என்று வைக்கக் கூடாது, 5 என்றும் வைக்கக் கூடாது. டேன் மதிப்பைத்தான் ஐந்தால் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 24 பாகை வரும். பெருக்கிய அளவைக் குறுக்குவெட்டின் அடியில் எழுதுங்கள்.

10. மையிடுதல்

தினமும் சாயங்காலம் அன்றைய தொடர் கோடுகளுக்கு மட்டும் மை. ஊகக் கோடுகள் கடைசி நாள்வரை பென்சிலிலேயே இருக்கட்டும். சாய்வுக் குறியை நிலையத்தின் மேலேயே போடுங்கள், பக்கத்து வெற்றிடத்தில் அழகுக்காக நகர்த்தாதீர்கள். விளக்கப் பட்டியலில் புதிய அலகு மேலே, பழையது அடியில். அளவுக்கோடு, வடக்கு, உங்கள் பெயர், தேதி. இந்த நான்கில் ஒன்றாவது விடுபடாத முதல் வரைபடத்தை இதுவரை நான் வாங்கியதில்லை.

ஐந்தாம் நாளை முன்பே எதற்கும் ஒதுக்கிவிடாதீர்கள். குறுக்குவெட்டில் ஒத்துவராத அந்த ஒரு எல்லைக்கு, களைக்கொட்டோடு காலை ஆறரை மணிக்கே திரும்பிப் போக அந்த நாள் வேண்டும்.